அடுத்த விமானம் எது?

போன வருஷம் ஸ்கார்பரோவில் இருக்கிற என் சித்தியின் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு ரிமோட் விமானம் கிடைத்தது. ரெஜிபோம் மாதிரியான பொருளில் செய்த, முதுகின்மேல் செட்டை வைத்த, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான மொடல். முதல் இரண்டு மாதம் மரத்திலும் வேலியிலும் மோதி, பசை போட்டு ஒட்டி, திரும்பவும் பறக்கவிட்டான். இந்த வருஷம் வீடியோ கோலில் வந்து வேறு கதை சொன்னான்.

“அண்ணா, இது போரடிக்குது. கையை விட்டாலும் தானாவே நேராப் பறக்குது. அடுத்தது ஸ்பிட்பயர் வாங்கட்டா? நீங்கள் ஹிஸ்ட்ரி தானே படிக்கிறீங்கள், சொல்லுங்கோ.”

வரலாறு படிக்கிறவனிடம் விமானம் வாங்க ஆலோசனை கேட்பது பகிடிதான். ஆனால் அவன் சொன்ன “தானாவே பறக்குது” என்ற வார்த்தை என்னை விடவில்லை. தானாகப் பறக்கும் விமானத்தைச் செய்யத்தான் ஒரு காலத்தில் மனிதர்கள் தவம் கிடந்தார்கள். பிறகு அதே குணம் வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் உண்மையில் பறந்தார்கள். இவன் தன்னுடைய பன்னிரண்டாவது வயதில் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறான். ஆகவே அவனுடைய கேள்வியை வரலாற்றுக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பின் முடிவு இதுதான்: அடுத்த விமானத்துக்குப் போவது என்றால், பழைய விமானம் செய்துதந்த ஏதோ ஓர் உதவியைக் கைவிடுவது. எதைக் கைவிடுவது, எந்த வரிசையில் கைவிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பதினொரு செக்கன்

1871 ஓகஸ்ட் 18ஆம் திகதி, பரிஸ் நகரின் துயிலரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ஒரு சின்ன மொடல் விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய இறப்பர் பட்டிதான் அதன் எஞ்சின். செட்டையின் அகலம் அரை மீற்றர்கூட இல்லை. அது பதினொரு செக்கன்களில் சுமார் 40 மீற்றர் பறந்தது. உள்ளே ஆள் இல்லை, வெளியே நூலும் இல்லை. ஆனாலும் கவிழவில்லை.

இரகசியம் வடிவத்தில் இருந்தது. செட்டைகளின் நுனிகளை அவர் மேல்நோக்கி வளைத்திருந்தார். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே வழுக்கும். அப்போது தாழ்ந்த செட்டையில் காற்று கூடுதலாகத் தாக்கி அதைத் திரும்பத் தூக்கிவிடும். பின்னால் இருந்த வால், மூக்கு மேலே எழும்பினாலும் கீழே குத்தினாலும் சமப்படுத்தும். பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் விமானம் அது.

என் தம்பியின் மொடலும் இதே பெனோவின் பேரப்பிள்ளைதான். மேலே வைத்த செட்டை, V வடிவில் சற்று உயர்ந்த நுனிகள், தட்டையான அடிப்பகுதி, மெதுவான வேகம். இந்த வகையை ட்ரெயினர் என்பார்கள். கையை விட்டால் நிமிர்ந்துவிடுவது அதன் பலம். கொஞ்ச நாளில் அதுவே பலவீனமாகவும் மாறிவிடும். ஏனென்றால், நீங்கள் சாய்த்துத் திரும்ப நினைத்தாலும் அது நிமிரத்தான் பார்க்கும். உங்கள் பிழையையும் உங்கள் விருப்பத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பெரிசாக்கினால் பறக்காது

பெனோவின் இன்னொரு கண்டுபிடிப்பு, இறப்பரில் சுற்றும் ஒரு விளையாட்டு ஹெலிகொப்டர். 1878இல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் அந்த வகைப் பொம்மை ஒன்றைத் தன் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். வில்பருக்கு அப்போது 11 வயது, ஓர்வில்லுக்கு 7. பொம்மை உடைந்தபிறகு அவர்கள் தாங்களே அதைச் செய்தார்கள். பிறகு, எல்லாச் சிறுவர்களையும் போல, பெரிசாகச் செய்து பார்த்தார்கள். பெரிசாக்க ஆக்க அது பறக்க மறுத்தது. அளவு இரண்டு மடங்கானால் தேவைப்படும் சக்தி அதைவிடப் பல மடங்கு கூடும் என்பது அந்த வயதில் அவர்களுக்குத் தெரியாது. ‘அடுத்தது’ என்றால் ‘பெரியது’ என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் முதல் பிழை. இன்றைக்கும் கடையில் நிற்கிறவர்கள் செய்வது அதே பிழைதான்.

வளர்ந்தபிறகு அவர்கள் திரும்பவும் தொடங்கியது ஒரு பட்டத்தில். 1899இல் ஐந்து அடி அகலமான இரட்டைச் செட்டைப் பட்டம் ஒன்றைச் செய்து, நூல்களை இழுத்துச் செட்டைகளை முறுக்கினால் அது இடமும் வலமும் சாய்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுகிற எங்கட பெடியளுக்கு இது விளங்கும். முச்சை கட்டுவதில் விரல் அளவு பிசகினாலும் பட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நூல் வழியாகக் காற்றோடு கதைக்கிற வித்தைதான் இரண்டு இடத்திலும்.

அந்த நேரத்தில் பறக்க முயன்றவர்களுக்கு முன்னால் ஒரு மரணம் கிடந்தது. ஜேர்மனியில் ஒட்டோ லிலியந்தால் 1891இலிருந்து கிளைடரில் சுமார் இரண்டாயிரம் தடவைகள் பறந்தவர். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டித்தான் தன் கிளைடரைச் சமப்படுத்தினார். 1896 ஓகஸ்ட் 9ஆம் திகதி காற்றில் நிலைகுலைந்து சுமார் 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தார். அடுத்த நாள் இறந்துபோனார். இரண்டாயிரம் தடவைப் பழக்கமும் அந்த ஒரு கணத்தில் போதவில்லை. இடுப்பை ஆட்டுவதைத் தவிர அவர் கையில் வேறு கருவி இருக்கவில்லை.

ரைட் சகோதரர்கள் இதிலிருந்து எடுத்த பாடம் விசித்திரமானது. எல்லாரும் விமானத்தை இன்னும் நிலையானதாக்க யோசித்தபோது, இவர்கள் விமானத்தின் சமநிலையை ஓட்டுபவரின் கையில் கொடுக்க யோசித்தார்கள். அவர்களுக்கு இருந்தது சைக்கிள் கடை. சைக்கிளும் தானாக நிமிர்ந்து நிற்காத வாகனம்தானே. விழாமல் வைத்திருப்பது ஓட்டுகிறவரின் வேலை. அந்த வேலையைப் பழகலாம்.

ஆனால் உதவிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அவர்கள் கைவிடவில்லை. 1900இல் செய்த கிளைடரைப் பெரும்பாலும் பட்டம் மாதிரிக் கட்டியே பறக்கவிட்டார்கள். 1901இல் செய்தது அதைவிடப் பெரியது. எதிர்பார்த்த தூக்குவிசை அதில் கிடைக்கவில்லை. மனம் உடைந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரு மோட்டரைப் பூட்டிப் பார்ப்போம் என்று அவர்கள் போகவில்லை. ஒரு பெட்டிக்குள் காற்றை ஊதி, சின்னச் சின்னத் தகட்டுச் செட்டைகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். அந்தக் கணக்கில் 1902இல் செய்த கிளைடரில், இலையுதிர் காலம் முழுவதும் நூற்றுக்கணக்கான தடவைகள் சறுக்கிப் பழகினார்கள். மோட்டர் அதற்குப் பிறகுதான் வந்தது. 1903 டிசம்பர் 17ஆம் திகதி முதல் பறப்பு 12 செக்கன், 120 அடி. அதே நாளின் நான்காவது பறப்பு 59 செக்கன், 852 அடி. அந்த விமானத்தைப் பெனோவின் மொடல் மாதிரிக் கையை விட்டுவிட்டுப் பறக்கவே முடியாது. மூக்கு எழும்பியும் குத்தியும் துள்ளிக்கொண்டே போனது. பழகிய கை இருந்தபடியால்தான் அது பறந்தது.

ஒரு சொல் மட்டும் கேட்கிற விமானம்

கையை விமானத்துக்கு வெளியே, தரையில் வைத்தபோது இந்தக் கதை முதலிலிருந்து திரும்பத் தொடங்கியது.

1930களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வோல்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் ‘கஃப்’ என்று பெயரிட்ட மொடல் ஒன்றை வானொலி அலையால் இயக்கினார்கள். எட்டு அடிச் செட்டை, பெற்றோல் எஞ்சின். 1938இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் அது வென்றது. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்தக் காலத்து மொடல்கள் பெரிசாகவும், மெதுவாகவும், தானாக நிமிர்கிறவையாகவும் இருந்ததற்குக் காரணம், தரையில் நிற்கிறவரால் விமானத்துக்கு மிகக் கொஞ்சமே சொல்ல முடிந்தது என்பதுதான். பல வருஷங்களாகப் பரவலாக இருந்த முறையில் ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். ஒரு தடவை அமத்தினால் சுக்கான் வலப்பக்கம், இரண்டு தடவை அமத்தினால் இடப்பக்கம். கொஞ்சம் திருப்பு, கூடத் திருப்பு என்று சொல்ல வழியில்லை. சுக்கானைத் திருப்பியதும் ஒரு முறுக்கிய இறப்பர் பட்டிதான். இப்படி அரைகுறையாகக் கேட்கிற விமானம், மிச்ச நேரமெல்லாம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அந்தக் காலத்தில் போட்டியில் வென்ற விமானத்தின் குணங்கள்தான் இன்றைக்கு ஆரம்பகாரரின் விமானத்துக்கு வந்திருக்கின்றன.

1950களில் சுக்கானோடு மற்றப் பாகங்களையும் அசைக்கக்கூடிய ‘ரீட்’ கருவிகள் வந்தன. வெவ்வேறு ஒலிகளுக்கு அதிரும் மெல்லிய உலோகத் தகடுகள் ஒவ்வொரு கட்டளையையும் பிரித்தெடுத்தன. அதிலும் ‘முழுசாக’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டு நிலைதான். 1960களில் கட்டுப்பாட்டுக் கட்டையை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுக்கு விமானத்தின் பாகமும் அசைகிற முறை பரவியது. அதற்குப் பிறகுதான் ‘அடுத்த விமானம்’ என்ற கேள்வியே சாதாரண மொடல்காரருக்கு வந்தது. கை முழுதாகப் பேசத் தொடங்கியதும், விமானம் தானாகச் செய்துவந்த வேலைகளைக் குறைக்க முடிந்தது.

இந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர்களில் ஒருவர் பில் கிராப்ட். வானொலிக் கருவிகள் தயாரித்தவர். 1967இல் கோர்சிக்காவில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர். அவருடைய இன்னொரு படைப்புத்தான் எனக்குப் பிடித்தது. பெட்டி மாதிரி உடம்பு, பலகை மாதிரி நேர்ச்செட்டை. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் பெயரும் ‘அக்லி ஸ்டிக்’, அவலட்சணமான தடி. சாய்த்தால் சாய்ந்தபடி நிற்கும், தலைகீழாகவும் பறக்கும், உடைந்தால் சுலபமாகத் திருத்தலாம். உலகப் போட்டி வெற்றியாளரின் போட்டி விமானத்தைவிட இந்தத் தடிதான் பல்லாயிரம் பேருக்கு இரண்டாவது விமானமாக உதவியது.

மொத்துக்கும் ஸ்பிட்பயருக்கும் நடுவில்

தம்பியின் கனவு ஸ்பிட்பயர். சரி, உண்மையான ஸ்பிட்பயரை ஓட்டியவர்கள் எப்படி அதற்குப் போனார்கள்?

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையில் சேர்ந்த இளைஞர்கள் பலர் முதலில் ஏறியது டைகர் மொத். 1931இல் முதன்முதல் பறந்த, துணி போர்த்திய இரட்டைச் செட்டை விமானம். எஞ்சின் சுமார் 130 குதிரைவலு. ஆரம்பகாலத்து ஸ்பிட்பயரின் எஞ்சினோ ஆயிரம் குதிரைவலுவைத் தாண்டியது. அந்த இளைஞர்களை மொத்திலிருந்து இறக்கி அப்படியே ஸ்பிட்பயரில் ஏற்றுவது வழக்கமல்ல. நடுவில் ஹார்வர்ட் மாதிரியான விமானம் ஒன்று இருந்தது: சுமார் 600 குதிரைவலு, ஒற்றைச் செட்டை, உள்ளே மடங்கும் சில்லுகள். மொத் மன்னித்துவிடுகிற சில பிழைகளை ஹார்வர்ட் மன்னிக்காது. ஆனால் பின்னால் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். முதல் விமானத்தில் ஆசிரியரும் உண்டு, விமானத்தின் பொறுமையும் உண்டு. இரண்டாவதில் விமானத்தின் பொறுமையைக் கழித்தார்கள், ஆசிரியரைக் கழிக்கவில்லை. மூன்றாவது ஒற்றை ஆசன விமானம், அங்கேதான் ஆசிரியரும் இல்லை.

மொடலிலும் ஸ்பிட்பயரின் குணம் அதுவேதான். நுனியில் ஒடுங்கும் செட்டை, இறங்க மெதுவாக்கும்போது முதலில் நுனியில்தான் தூக்குவிசையை இழக்கும். ஒரு பக்கம் சட்டென்று சரியும். தரை கிட்ட இருக்கும்போது திருத்த நேரம் கிடைக்காது. கிட்டக்கிட்ட இருக்கும் சில்லுகளால் புல்லில் ஓடும்போதும் குடை சாயும்.

இன்னொரு பக்கம் போன விமானம்

இவ்வளவையும் வாசிக்கும்போது வேறொரு கதையும் கூடவே வந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் நேர்மையாக இருக்காது.

அதே டைகர் மொத் குடும்பத்திலிருந்து 1935இல் ‘குயீன் பீ’, இராணித் தேனீ, என்ற ஒன்றைப் பிரித்தானியா செய்தது. தரையிலிருந்து வானொலியால் இயக்கப்படும் விமானம். பீரங்கிக்காரர் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு. ஆண் தேனீயைக் குறிக்கும் ‘ட்ரோன்’ என்ற ஆங்கிலச் சொல் ஆளில்லா விமானத்துக்கு வந்தது இந்த இராணித் தேனீயின் தொடர்ச்சியாகத்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

அமெரிக்காவில் அது நேரடியாக மொடல் கடையிலிருந்தே வந்தது. ரெஜினோல்ட் டெனி, ஹொலிவூட்டில் நடித்த ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரில் பறந்தவர். 1930களில் ஹொலிவூட்டில் மொடல் விமானக் கடை நடத்தினார். அவருடைய ‘அடுத்த விமானம்’ இராணுவத்துக்கான வானொலி இலக்கு விமானமாக இருந்தது. ரேடியோபிளேன் என்ற அவருடைய கம்பனி போர்க்காலத்தில் பல்லாயிரக்கணக்கில் அவற்றைச் செய்து கொடுத்தது. 1945இல் அந்தத் தொழிற்சாலைக்குப் படம் பிடிக்க வந்த இராணுவப் புகைப்படக்காரர் அங்கே வேலை செய்த நோர்மா ஜீன் என்ற இளம் பெண்ணையும் படம் எடுத்தார். பிறகு உலகம் அவரை மர்லின் மன்றோ என்று அறிந்தது. இந்தக் கதையில் எல்லாரும் சொல்லுவது அந்தப் பகுதியைத்தான். அவர் கையில் இருந்த பொருள் என்னவாக வளர்ந்தது என்பதை அவ்வளவாகச் சொல்லுவதில்லை.

எங்களுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. வன்னியில் போரின் கடைசி வருஷங்களில் வேவு பார்க்கிற ஆளில்லா விமானத்தைச் சனம் ‘வண்டு’ எண்டுதான் சொன்னது. இரைச்சலை வைச்சு வந்த பேர். ஆங்கிலேயர் ஒரு தேனீயிடம் பெயர் வாங்கியது ஒருத்தருக்கும் தெரியாது. காது தானாகவே அதே இடத்துக்குப் போனது. வண்டு சுத்தினால் பிறகு என்ன வரும் எண்டு பங்கருக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சித்தி அந்த வருஷங்களில் அங்கே இருந்தவ. தம்பி விமானம் விடுகிற மைதானத்துக்கு அவவும் போவா. ஆனால் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருப்பா எண்டு தம்பி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான். “அம்மாக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.” ஏன் எண்டு அவனுக்கு இன்னும் தெரியாது.

நான் சொன்ன பதில்

இப்போது கடையில் விற்கிற பல மொடல்களுக்குள் ஒரு சின்ன சில்லு இருக்கிறது. விமானம் சாய்வதை உணர்ந்து அதுவே நிமிர்த்திவிடும். பெனோ செட்டையின் வளைவில் வைத்த உதவி இப்போது மின்சுற்றுக்குள் போயிருக்கிறது. அதனால் தோற்றத்தில் ஸ்பிட்பயராக இருப்பதும் ட்ரெயினர் மாதிரித் தானாகப் பறக்கலாம். தம்பிக்கு நான் சொன்னதில் முக்கியமானது இதுதான்: விமானத்தின் உருவம் மாறுவதால் நீ முன்னேறினதாக ஆகாது. உதவியை நிறுத்தும் சுவிச் இருந்தால், எத்தனை நிமிஷம் அதை நிறுத்தி வைத்துப் பறக்கிறாய் எண்டதைக் கணக்குப் பார்.

மற்றவை சின்ன விஷயங்கள். இப்போது இருப்பதில் சுக்கான், எலிவேட்டர், மோட்டர் மூன்றும்தான் அவன் கையில். அடுத்ததில் நான்காவதாக ஐலரோன் வேண்டும், அதாவது செட்டையின் ஓரத்தில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் மடிப்பு. செட்டை உடம்பின் நடுவிலோ கீழோ இருக்கட்டும்; நுனி ஒடுங்காமல் நேராக இருக்கட்டும். அளவு ஏறக்குறைய இப்போதையது போதும். அதே பற்றரி பொருந்தினால் காசும் மிச்சம். அழகு முக்கியமில்லை. அக்லி ஸ்டிக்கின் சொந்தக்காரன் ஒருத்தனாக இரு. பழைய ட்ரெயினரை விற்காதே. ஒவ்வொரு நாளும் முதல் பறப்பை அதில் செய்து கையைச் சூடாக்கு. புதியதை உயரத்தில் வைத்து, தரை இறங்குகிற வேகத்துக்கு மெதுவாக்கி, எந்தக் கட்டத்தில் அது சரிகிறது என்று பார்த்துப் பழகு. அந்தக் கட்டத்தை உயரத்தில் தெரிந்துவைத்தவன்தான் தரைக்குக் கிட்டத் தப்புவான். ஸ்பிட்பயர் மூன்றாவதாக வரட்டும்.

“அப்ப இது எனக்கு ஹார்வர்ட்டா?” எண்டு கேட்டான். ஓம் எண்டேன்.

கடைசியாக ஒன்று சொன்னேன். புது விமானத்தோடு மைதானத்துக்குப் போக முதல் அம்மாவோடு இருந்து கதை. வன்னியில் வண்டு எண்டு எதைச் சொன்னவை எண்டு கேள். அவ சொல்ல விரும்பினால் சொல்லட்டும். விரும்பாவிட்டால், காருக்குக் கிட்ட விடாமல், தள்ளிப் போய்ப் பறக்கவிடு.